குளியல் அங்கி: துணி, அளவு, தையல்

குளித்து முடித்தபின், புடவையோ சுடிதாரோ மாற்றும்வரை உடுத்திக்கொள்ளும் தளர்வான மேலுடையே குளியல் அங்கி. முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்திருக்கும். ஒரு பக்கத்தின்மேல் மறுபக்கத்தைப் போர்த்தி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கடையில் பாத்ரோப் என்று கேட்டால் ஒன்றும், ஹவுஸ்கோட் என்று கேட்டால் வேறொன்றும் எடுத்துப் போடுவார்கள். முன்னது துண்டுத் துணியில் தைத்தது, ஈரத்தை உறிஞ்சும். பின்னது நைட்டியின்மேல் போடும் மெல்லிய கோட்டு. மறைப்புத் தரும், ஈரம் உறிஞ்சாது. புதுச்சேரி வீடுகளுக்குத் தேவைப்படுவது இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்யும் உடை. ஆயத்த உடைகளில் அது அபூர்வம். துணி எடுத்துத் தைத்துக்கொள்வதே இங்கே நல்ல வழி.

இன்றைய வழக்கத்தைப் பார்த்தால் இந்தத் தேவை புரியும். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, தோளில் ஈரிழைத் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வருவது பாட்டிமார் முறை. துவட்டியும் துவட்டாமலும் நைட்டியைத் தலைவழியே மாட்டிக்கொள்வது இப்போதைய முறை. ஈர முதுகில் நைட்டி ஒட்டிக்கொள்ளும். கூந்தலிலிருந்து சொட்டும் நீர் அதை இன்னும் நனைக்கும். அதே கோலத்தில் பால் வாங்கக் கதவைத் திறக்க வேண்டுமென்றால் தோளில் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ தேட வேண்டும். வைசியாள் வீதி போன்ற தமிழர் பகுதியின் பழைய முற்றம் வைத்த வீடுகளில் குளியலறை பெரும்பாலும் பின்கட்டில் இருக்கும். தாழ்வாரம் வழியாக, வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடந்துதான் அறைக்குப் போக முடியும். பெண்கள் விடுதிகளிலும் நிலைமை இதுதான், வராந்தாவின் கடைசியில் பொதுக் குளியலறை. இத்தகைய இடங்களில் அங்கியின் முதல் வேலை மறைப்பது. லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறையோடு சேர்ந்தே குளியலறை இருப்பதால் மறைப்பு இரண்டாம்பட்சம். உறிஞ்சும் தன்மையே முக்கியம். அங்கி வாங்கும்முன் தன் வீட்டில் குளியலறைக்கும் அறைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று யோசித்துவிட்டாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

வீட்டுடை விஷயத்தில் பெண்ணின் வசதியைவிடப் பார்ப்பவர் கண்ணுக்கு முதலிடம் தரும் போக்கு இன்னும் போகவில்லை. 2018-ல் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளி கிராமத்தில், பகலில் நைட்டியோடு வெளியே வரும் பெண்களுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் அறிவித்தது நாடெங்கும் செய்தியானது. இந்த அத்தியாயம் உடுத்துகிறவரின் உடம்பையும் வசதியையும் அளவுகோலாகக் கொள்கிறது.

இந்தக் கரையின் பழைய சரக்கு

அங்கிக்கும் சோழமண்டலக் கரைக்கும் பழைய உறவு உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் செல்வந்தர்கள் வீட்டுக்குள் அணிந்த தளர்வான அங்கிகளில் பல, இந்தக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணியில் தைத்தவை. 1670-ல் மொலியேர் அரங்கேற்றிய 'லெ பூர்ஷ்வா ழாந்தியோம்' நாடகத்தின் புதுப்பணக்கார நாயகன், பெரிய மனிதர்கள் காலை வேளையில் இப்படித்தான் உடுத்துகிறார்கள் என்று தையற்காரர் சொன்னதை நம்பி, இந்தியத் துணியில் அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு மேடையில் பெருமையடிக்கிறான். பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியில் கால் ஊன்றியது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1674-ல். தன் நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்களின் பிழைப்பு கெடுகிறது என்று பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759 வரை இத்துணிகளுக்குத் தடை போட்டிருந்தது. தடையை மீறியும் கடத்திக் கொண்டுவந்து உடுத்தினார்கள். காரணம் எளிது: துணி லேசானது, துவைக்கலாம், துவைத்தாலும் சாயம் போகாது. இன்று அங்கித் துணியில் தேட வேண்டிய மூன்று குணங்களும் இவையே.

ஓட்டல் அறைகளில் தொங்கும் தடித்த வெள்ளை அங்கியின் கதை வேறு. கண்ணிகண்ணியாக இழை எழும்பி நிற்கும் அந்தத் துண்டு நெசவைத் துருக்கியில் பார்த்த ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர், மாதிரியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது ஆலை நெசவாகி 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது. நம் ஊரில் அதைத் தேங்காய்ப்பூத் துண்டு என்கிறார்கள். குளிர்நாட்டில், குளித்தவுடன் உடம்பு நடுங்காமலிருக்க அது அருமையான துணி. பிரான்ஸில் வாழும் உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போது இப்படிப்பட்ட அங்கியை ஆசையாக வாங்கி வருவது புதுச்சேரிக் குடும்பங்களில் வழக்கம். பெரும்பாலும் அது பீரோவின் கீழ்த்தட்டிலேயே தங்கிவிடும். அன்பளிப்பில் குறையில்லை, இந்த ஊரின் காற்று அதற்கு இடம் கொடுப்பதில்லை.

துணி

கடலோரக் காற்றில் ஆண்டு முழுதும் ஈரப்பதம் அதிகம். வியர்வை சட்டென்று ஆறாது. சித்திரை, வைகாசியில் தடித்த அங்கியைப் போட்டுக்கொண்டால் குளித்த பயன் ஐந்து நிமிடத்தில் வியர்வையாகப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் சங்கடம் மறுபக்கம்: துணி காயாது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் தேங்காய்ப்பூ அங்கியைக் கொடியில் போட்டால் மூன்றாம் நாளும் அக்குளும் கழுத்துப்பட்டியும் ஈரமாகவே இருக்கும்; பிறகு மக்கல் நாற்றம் வந்துவிடும். அரைகுறையாகக் காய்ந்த துணியைத் திரும்பத் திரும்ப உடுத்தினால் தோல் மடிப்புகளில் படர்தாமரை வர வழி திறக்கும். ஆகவே இந்த ஊரில் துணியைப் பார்க்கும்போது எவ்வளவு உறிஞ்சும் என்று கேட்பதோடு எத்தனை மணி நேரத்தில் காயும் என்றும் கேட்க வேண்டும்.

துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவால் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அதன் பொருள். ஓட்டல் அங்கி 400 கிராமும் அதற்கு மேலும் இருக்கும்; தைத்து முடித்தால் உலர்ந்த நிலையிலேயே ஒரு கிலோவைத் தாண்டும். புதுச்சேரிக்கு 250 கிராமுக்குள் இருந்தால் நல்லது. தேங்காய்ப்பூத் துணிதான் வேண்டும் என்பவர்கள்கூட 300-ஐத் தாண்ட வேண்டாம்.

இந்த வரம்புக்குள் சிறந்தது தேன்கூடு போலக் குழிகுழியாக நெய்த பருத்தித் துணி. வாஃபிள் என்று கேட்டால் கிடைக்கும். குழிகள் நீரை வாங்கிக்கொள்ளும்; மேடுகள் மட்டுமே உடம்பில் படுவதால் துணி ஒட்டாது; காற்றும் புகும். குறை என்னவென்றால் முதல் சலவையில் நன்றாகச் சுருங்கும், பத்து விழுக்காடுவரைகூட. நனைத்துச் சுருக்காமல் தைத்தால் முழங்காலுக்குக் கீழ் இருந்த அங்கி முழங்காலுக்கு மேல் ஏறிவிடும்.

அடுத்தது இரட்டை அடுக்கு மல் துணி. ஒற்றை மல் ஈரமானால் கண்ணாடி போலாகிவிடும். இரண்டடுக்காகத் தைத்தால் அந்தக் குறை நீங்கும், நடுவில் காற்றும் நிற்கும். ஈரிழைத் துணியும் அவ்வாறே. உறிஞ்சுவதிலும் உலர்வதிலும் அதற்கு இணையில்லை. மெல்லியது என்பதால் முன்பக்கத்தையும் முதுகையும் மட்டும் இரட்டையாக வைத்துக் கையை ஒற்றையாக விடலாம்.

செலவில்லாத வழி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. பல ஆண்டு துவைத்துப் பதமான பருத்திப் புடவை, புதுத் துணி எதையும்விட நன்றாக ஈரம் வாங்கும். ஐந்தரை மீட்டர்ப் புடவையில் ஒற்றை அடுக்கு அங்கி, இடுப்புப் பட்டி, முதுகுக்கு இரண்டாம் அடுக்கு எல்லாம் கிடைத்துவிடும். மதுரைச் சுங்குடிப் புடவை இதற்கு மிகப் பொருத்தம்: நூல் மெல்லியது, அடர் நிறம், உடல் முழுக்கச் சிறு புள்ளி. ஈரத் திட்டு வெளியே தெரியாது. பார்டரைக் கீழ்மடிப்பிலும் கை நுனியிலும் வரும்படி வெட்டச் சொன்னால் தனியாக அலங்காரம் எதுவும் தேவையில்லை. உட்காருமிடத்திலும் முந்தானை மடிப்பிலும் நைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

பாப்ளினும் கேம்பிரிக்கும் புதிதில் கஞ்சியும் மெழுகும் ஏறியிருக்கும். நாலைந்து சலவை ஆனபின்தான் உறிஞ்சத் தொடங்கும். ரேயான் உடம்பில் அழகாக விழும், ஆனால் ஈரமானால் வலுவிழக்கும், காயவும் நேரமெடுக்கும். மூங்கில் துணி என்று விலை கூட்டி விற்பதும் பெரும்பாலும் ரேயான் வகையே. லினன் நல்ல துணி; விலையும் சுருக்கமும் சம்மதமென்றால் எடுக்கலாம். சாட்டின், பாலியஸ்டர், மைக்ரோஃபைபர் ஃப்ளீஸ் ஆகியவை இந்த ஊருக்கு வேண்டாம். கல்யாணப் பெண்ணுக்கு வாங்கும் டூ பீஸ் நைட்டியின் மேல்கோட்டு பளபளவென்று சாட்டினில் வருவது வழக்கம். ஈர உடம்பில் அது வழுக்கும், குளித்த நீர் அப்படியே நிற்கும், கட்டிய முடிச்சும் நழுவும்.

கடையிலேயே மூன்று சோதனை செய்துவிடலாம். ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியில் விட்டுப் பார்க்க வேண்டும். முத்தாக உருண்டு நின்றால் அந்தத் துணி ஆகாது, உடனே பரவி மறைந்தால் ஆகும். பிறகு அந்த ஈர இடத்துக்குப் பின்னால் கையை வைத்துப் பார்க்க வேண்டும். விரல் பிரிந்து தெரிந்தால் இரண்டு அடுக்கு தேவை. வெள்ளை, இளமஞ்சள், இளஞ்சிவப்புத் துணிகள் பெரும்பாலும் இதில் தோற்கும். நீலச் சாயமும் அச்சுப் பூ வேலையும் உள்ள துணியை ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

உடம்புக்கு அழகு

வீட்டுக்குள் போடுவதுதானே என்று இரண்டு அளவு பெரிதாக எடுப்பது பரவலான தவறு. தளர்ச்சி இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தோளில் இருக்கக்கூடாது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நின்றால், கீழே எவ்வளவு தளர்வாக இருந்தாலும் உடை ஆளுக்கென்றே தைத்ததாகத் தெரியும். தோள் கையில் இறங்கி விழுந்தால் மெலிந்தவர் இரவல் வாங்கியது போலவும், பருத்தவர் இன்னும் பருத்தவராகவும் தெரிவார்.

அடுத்தது இடுப்புப் பட்டி. ஆயத்த அங்கிகளில் பட்டியைக் கோக்கும் வளையங்களை நல்ல உயரமான பெண்ணின் அளவுக்குத் தைத்திருப்பார்கள். ஐந்தடி, ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ளவருக்கு அது இறங்கி, வயிற்றின் மிக எடுப்பான இடத்தில் பட்டி உட்காரும். அதனாலேயே பலருக்கு அங்கி போட்டால் வயிறு தெரிகிறது. உடம்பு உண்மையில் ஒடுங்கும் இடம் பெரும்பாலோருக்குத் தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே. கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் வளைந்தால் மடிப்பு விழும் இடம் அது. வளையத்தை அங்கே தைக்க வேண்டும். ஆயத்த அங்கி வாங்கியிருந்தாலும் இந்த ஒரு திருத்தத்தைச் செய்துகொண்டால் உடையின் தோற்றமே மாறிவிடும். பட்டியின் அகலம் ஒன்றரை அங்குலம் போதும். நீளம் இடுப்புச் சுற்றோடு 30 அங்குலம் கூட்டிய அளவு. அதற்கு மேல் போனால் நுனி ஈரத் தரையில் இழுபடும், காலிலும் சிக்கும்.

நீளத்தைப் பொறுத்தவரை, கீழ்மடிப்பு காலின் ஒடுங்கிய இடத்தில் முடிய வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓர் ஒடுக்கம், கணுக்காலுக்கு மேலே இன்னோர் ஒடுக்கம். கெண்டைச்சதையின் நடுவில் முடிந்தால் கால் குட்டையாகத் தெரியும். உயரம் குறைந்தவருக்கு முதல் ஒடுக்கம் ஏற்றது. மாமனார், மைத்துனர் இருக்கும் வீட்டில் நீளமாக வேண்டும் என்பவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம், கணுக்காலைத் தொடாமல். குளியலறை வாசற்படியில் மிதிபடும் நீளம் ஆபத்து.

மார்பு பெரிதாக உள்ளவர்கள் தடித்த சால்வைக் கழுத்துப்பட்டியைத் தவிர்க்கலாம். ஒன்றரை அங்குலப் பட்டியோடு 'வி' வடிவில் இறங்கும் கழுத்து அவர்களுக்குப் பொருந்தும். மெலிந்த மார்புக்குச் சால்வைக் கழுத்து நிறைவு தரும். எந்தக் கழுத்தானாலும் இரு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில் உள்ளே ஒரு பிரஸ் பட்டன் வைத்துக்கொண்டால் குனியும்போது கவலையில்லை. சீட் பகுதி அகலமானவர்கள் இடுப்பிலிருந்து கீழே லேசாக விரியும்படி, பக்கத்துக்கு இரண்டு அங்குலம் கூட்டி வெட்டச் சொல்ல வேண்டும்; பக்கத்தில் ஓபன் வைத்தால் போர்த்திய பகுதி நகர்ந்துவிடும். பாக்கெட்டை வயிற்றின்மேல் ஒட்டுத் துணியாக வைக்காமல் பக்கத் தையலுக்குள் வைப்பது நல்லது. கொண்டை ஊசி, சாவி, கைபேசி எல்லாம் அதில்தான் போகும். வயிற்றின்மேல் இருந்தால் துணி தொங்கிவிடும்.

நிறத்தில் ஒரு வார்த்தை. மாநிறத்தவருக்கும் கறுப்பானவருக்கும் வெளிர் நிறத்தை எடுத்துக் காட்டும் பழக்கம் நம் துணிக்கடைகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டியதில்லை. அரக்கு, கருநீலம், மயில் பச்சை, கடுகு மஞ்சள் நம் தோலின் நிறத்தோடு அருமையாகச் சேரும். ஈரமானாலும் மறைப்புத் தரும். எண்ணெய், மஞ்சள், சீயக்காய்க் கறையையும் வெளிக்காட்டாது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவரின் அங்கியில் முதலில் கெடுவது கழுத்துப்பட்டி. அங்கியின் உடல் எந்த நிறமானாலும் கழுத்துப்பட்டியை மட்டும் அடர் நிறத்தில் வைப்பது பயனுள்ள யோசனை.

தையற்காரரிடம்

உடலளவு எடுக்கும்போது மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, சீட் சுற்று, தோள்பட்டை அகலம், கை நீளம், தோளிலிருந்து உயரம் ஆகியவற்றோடு தோளிலிருந்து இடுப்புவரை எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பட்டி வளையத்துக்கு அதுதான் ஆதாரம். நன்றாகப் பொருந்தும் நைட்டி ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோனால் தோளும் கைக்குழியும் பிசகாது.

நடுத்தர உடம்புக்கு, 44 அங்குல அகலத் துணியில் மூன்றரை மீட்டர் போதும். சீட் 46 அங்குலத்தைத் தாண்டினால் நான்கு மீட்டர். இரட்டை அடுக்கென்றால் இதைப்போல் இருமடங்கு. துணியை ஓர் இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்திய பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும். வாஃபிள் துணியை இரண்டு முறை நனைப்பது உத்தமம்.

தையலில் மிக முக்கியமானது முன்பக்கப் போர்வை. உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி ஒவ்வொரு முன்பக்கமும் ஆறு அங்குலமாவது மறுபக்கம் போக வேண்டும். துணியில் மிச்சம் பிடிக்கும் ஆயத்த உடைகளில் மூன்று, நான்கு அங்குலத்தோடு நிறுத்திவிடுவார்கள். நின்றால் மூடியிருக்கும், உட்கார்ந்தால் விரியும். இதோடு இடப்பக்க உள்தையலில் ஒரு கயிறும், அதற்கு எதிரான முன்பக்க ஓரத்தில் ஒரு கயிறும் வைத்து உள்ளே முடிந்துகொண்டால், வெளிப்பட்டி அவிழ்ந்தாலும் அங்கி திறக்காது.

நீண்ட கூந்தலுள்ளவருக்கு, கழுத்தின் பின்புறத்திலிருந்து முதுகின் நடுவரை இரண்டாம் அடுக்குத் துணி வைக்கச் சொல்ல வேண்டும். ஈரத் தலையைத் துண்டால் கட்டினாலும் நுனி முதுகில் சொட்டும். இந்த இரட்டைத் துணி அதை வாங்கிக்கொள்ளும். கைக்குழி இறுக்கமாக இருந்தால் தலை துவட்டக் கையைத் தூக்கும்போது அங்கியே மேலேறும். அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

கையின் நீளம் முழங்கையோடு நிற்கட்டும். இதில் சமரசம் வேண்டாம். குளித்துவிட்டு அங்கியோடே அடுப்பைப் பற்றவைப்பதும், சாமி விளக்கேற்றுவதும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவை. படத்தில் அழகாகத் தெரியும் அகன்ற கிமோனோ கை, பர்னரின்மேல் நீட்டினால் நெருப்பைத் தொடும். பருத்தியும் தீப்பற்றும், பாலியஸ்டரோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கை ஒடுக்கமாக, முழங்கையோடு முடிந்தால் இந்த அபாயம் பெருமளவு குறையும்.

தைத்து வந்ததும் கடையிலேயே போட்டுப் பார்த்து மூன்று காரியம் செய்ய வேண்டும். தலை துவட்டுவதுபோல் இரண்டு கையையும் தூக்க வேண்டும். தாழ்ந்த முக்காலியில் உட்கார வேண்டும். பிறகு வாசலில் கோலம் போடுவதுபோல் குனிந்து, குத்துக்காலிட்டு, ஒரு பக்கமாக எட்ட வேண்டும். மூன்றிலும் கழுத்தும் தொடையும் மூடியிருந்தால் அங்கி தேறிவிட்டது. இல்லையென்றால் பணம் கொடுக்கும்முன் திருத்தத்துக்குக் கொடுக்கலாம்.

எங்கே வாங்குவது

1898-ல் தொடங்கி, ரோடியர் மில் என்றும் பிறகு ஏ.எஃப்.டி. என்றும் அறியப்பட்ட முதலியார்பேட்டை ஆலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. உள்ளூர் ஆலைத் துணி என்று கேட்டு வாங்க இனி வழியில்லை. துண்டுத் துணியும் வாஃபிளும் கரூர், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வருகின்றன. நேரு வீதிக் கடைகளில் மீட்டர் துணியும் நைட்டித் துணியும் நிறைய வகை கிடைக்கும். கைத்தறிக்கு கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. ஈரிழைத் துண்டும் சுங்குடியும் அங்கே கேட்கலாம். மகாத்மா காந்தி வீதியில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஏற்றுமதி மிச்சமாக ஆயத்த அங்கிகள் சில சமயம் குறைந்த விலைக்கு வரும். அங்கே வாங்கினால் அக்குள் தையல், பட்டி வளையம், துணியின் ஓட்டை மூன்றையும் விரித்துப் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும். போட்டுப் பார்க்க வசதியில்லாத இடம் அது. தோளளவை இஞ்சு டேப்பால் எடுத்துவைத்துக்கொண்டு போவது நல்லது. ஆரோவில்லிலும் வெள்ளையர் பகுதியிலும் உள்ள துணியகங்களில் இயற்கைச் சாயமேற்றிய கிமோனோ வெட்டு அங்கிகள் அழகாக இருக்கும், விலையும் அதிகம். பயணிகளை மனத்தில் வைத்துத் தைத்தவை ஆதலால் கையும் நீளமும் திருத்த வேண்டிவரும்.

சில சிறப்புத் தேவைகள்

பிரசவத்துக்குப் போகும் பையில் ஒரு முன்திறப்பு அங்கி அவசியம் இருக்க வேண்டும். பால் கொடுக்கவும் மருத்துவர் பார்க்கவும் தலைவழியே கழற்ற வேண்டியதில்லை. சிசேரியன் ஆனவர் பட்டியைத் தையல் காயத்துக்கு வெகு மேலே, மார்புக்குக் கீழே கட்டிக்கொள்ள ஏதுவாக இரண்டாம் ஜோடி வளையம் வைத்துக்கொள்ளலாம். மார்பக அறுவைச் சிகிச்சை முடிந்து கையைத் தூக்க முடியாதிருப்பவருக்கும் இந்த வெட்டு உதவும். அவருக்குக் கைக்குழி வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் பெரிதாக வேண்டும்.

முதியவர்களுக்கு முடிச்சுப் போடுவது கடினம். மூட்டுவலியுள்ள விரலுக்குப் பெரிய பிரஸ் பட்டனோ வெல்க்ரோ பட்டையோ போதும். தொங்கும் பட்டியே வேண்டாம். நீளம் முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடையைத் தாண்டாமல் இருந்தால் ஈரத் தரையில் தடுக்காது.

பராமரிப்பு

மூன்று, நான்கு முறை உடுத்தியபின் அங்கியைத் துவைக்க வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றியதும் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டாமல், காற்றோட்டமான இடத்தில் கையை விரித்து ஹேங்கரில் போட வேண்டும்; குளியலறைக்குள் தொங்கும் அங்கி ஒருபோதும் சரியாகக் காயாது. கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகவும் கடினமாகவும் இருப்பதால் சோப்பு துணியில் தங்கி, துணி பலகைபோல் விறைக்கும். ஒரு முறை கூடுதலாக அலசுவதும், கடைசி அலசல் நீரில் கொஞ்சம் வினிகர் விடுவதும் அதற்கு மருந்து. வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் இழையின்மேல் மெழுகுப் படலம்போல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும், கஞ்சியும் அப்படியே. நிறத் துணியை நிழலில் உலர்த்தினாலும் மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டும்போது ஒரு மணி நேரம் உட்புறம் வெளியே தெரியும்படி காயப்போட வேண்டும்.

ஒரே அங்கியை வைத்துக்கொண்டு மழைக்காலத்தை ஓட்ட முடியாது. ஆளுக்கு இரண்டு தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கொடியில் காயும்போது மற்றது உடுத்தத் தயாராக இருக்கும்.